ஒரு சொட்டுக்குள் எத்தனை சைபர்?

வேதியியல் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் தனிமம், சேர்மம், கலவை என்று வரையறைகள். அப்புறம் ஆய்வகத்தில் செய்யக் கூடாதவை என்று நீளமான ஒரு பட்டியல். அடுத்து, 10-இன் தலைக்கு மேல் குட்டி எண் போட்டு எழுதும் அறிவியல் குறியீடு. மாணவர்கள் முதல் பகுதியை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டாவதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். மூன்றாவதைக் கணக்கு வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்ததால் வந்த வினை இது என்பது என் எண்ணம். அணு எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் 10-இன் அடுக்குகள் ஏன் வேண்டும் என்பது தானாகப் புரியும். அந்த அடுக்குகளைப் படிக்கத் தெரிந்தால், பாதுகாப்பு விதிகளில் பாதியை யாரும் சொல்லித்தராமல் நாமே எழுதிவிடலாம்.

அணுவிலிருந்து தொடங்குவோம். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 10⁻¹⁰ மீட்டர். அதாவது ஒரு மீட்டரை ஆயிரம் கோடித் துண்டுகளாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அதன் நிறை 1.67 × 10⁻²⁴ கிராம். இதை வழக்கமான தசம முறையில் எழுத வேண்டுமானால், புள்ளிக்குப் பிறகு 23 சைபர் போட்டு, அதன் பின் 167 எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் தெரியும், பதினைந்தாவது சைபருக்கு மேல் கண் தடுமாறும். ஒரு சைபர் விட்டுப்போனால் விடை பத்து மடங்கு மாறிவிடும், பார்க்கிறவருக்கும் அது தெரியாது. அதனால்தான் எண்ணை இரண்டாகப் பிரிக்கிறோம்: 1 முதல் 10-க்குள் அடங்கும் ஒரு சிறிய எண், பக்கத்தில் 10-இன் அடுக்கு. அடுக்கு கூட்டல் என்றால் பெரிய எண், கழித்தல் என்றால் ஒன்றைவிடச் சிறிய எண். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும், வகுக்கும்போது கழிக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

இதுவரை 118 தனிமங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் அணுக்கள் எந்த எண்ணிக்கையில், எந்த அமைப்பில் சேர்கின்றன என்பதைப் பொறுத்துப் பொருளின் குணமே மாறும். இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். அதே இரண்டு ஹைட்ரஜனோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. செறிவாக இருந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். ஒரே ஓர் அணுதான் வித்தியாசம்.

ஆய்வகத்தில் லேபிளை முழுதாகப் படி என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சோடியம் சல்பேட், சோடியம் சல்பைட், சோடியம் சல்பைடு என்று மூன்று புட்டிகள் ஒரே அலமாரியில் இருக்கலாம். மூன்றிலும் நீர்த்த அமிலம் ஊற்றினால், சல்பேட்டில் கண்ணுக்குத் தெரிய எதுவும் நடக்காது. சல்பைட்டிலிருந்து மூச்சை அடைக்கும் சல்பர் டை ஆக்சைடு வரும். சல்பைடிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்பைடு, உயிரையே எடுக்கும் வாயு. அவசரத்தில் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் பார்த்துப் புட்டியை எடுப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். லேபிளில் சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் ஒரு படம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட அந்தப் படங்கள் மொத்தமே ஒன்பதுதான். ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம்.

சரி, அணுக்களை எப்படி எண்ணுவது? எண்ண முடியாது, எடைதான் போட முடியும். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருக்கும் என்று 1811-இல் அமீடியோ அவகாட்ரோ சொன்னார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. மூலக்கூறின் அளவை 1865-இல் யோகான் லோஷ்மிட் தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டினார்; எண்ணிக்கையை மதிப்பிட அது வழிதிறந்தது. 1909-இல் ஜான் பெரின் அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். 2019 மே 20 முதல் அது அளந்து கண்டுபிடிக்கும் எண்ணாக இல்லாமல், வரையறுக்கப்பட்ட எண்ணாகவே ஆகிவிட்டது: ஒரு மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். வகுப்பறைக் கணக்குக்கு 6.02 × 10²³ போதும். தண்ணீரில் ஒரு மோல் 18 கிராம். தராசில் 18 கிராம் வைத்துவிட்டால் அத்தனை மூலக்கூறுகளையும் எண்ணிவிட்டதாக அர்த்தம். வேதியியலின் மிக அழகான தந்திரம் இதுதான் என்பேன்.

இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டு சுமார் 0.05 கிராம். அதை 18-ஆல் வகுத்தால் 2.8 × 10⁻³ மோல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.7 × 10²¹ மூலக்கூறுகள். நொடிக்கு ஒன்று வீதம் எண்ணத் தொடங்கினால் எப்போது முடியும்? பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. நொடிகளில் சொன்னால் சுமார் 4.4 × 10¹⁷. வகுத்துப் பாருங்கள்: 21-இலிருந்து 17 போக 4, 1.7-ஐ 4.4-ஆல் வகுத்தால் 0.39. ஆக 0.39 × 10⁴, அதாவது 3.9 × 10³. பிரபஞ்சத்தின் வயதைப்போல ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு காலம் வேண்டும். காகிதத்தில் இரண்டே வரிக் கணக்கு.

ஆய்வகத்தில் ‘ஒரு சொட்டுதானே’ என்ற பேச்சு ஏன் எடுபடாது என்பதற்கு இந்த எண்ணே விளக்கம். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான், டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத் திரவத்தைக் கையாண்டுகொண்டிருந்தார். சில சொட்டுகள் அவருடைய லேடெக்ஸ் கையுறையின் மேல் விழுந்தன. புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் வேலை செய்தார். கண்ணாடி, கையுறை எல்லாம் அணிந்திருந்தார். அன்றைய விதிப்படி அவர் செய்ததில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தத் திரவம் 15 நொடிகளுக்குள் லேடெக்ஸைக் கடந்துவிடும் என்பது பிறகு நடந்த சோதனைகளில்தான் தெரிய வந்தது. பல மாதங்கள் கழித்து நடையும் பேச்சும் தடுமாறத் தொடங்கின. அப்போது அவருடைய ரத்தத்தில் லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார்.

மைக்ரோகிராம் என்றதும் நமக்கு ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். 4,000 மைக்ரோகிராம் என்பது 4 × 10⁻³ கிராம். பாதரசத்தில் ஒரு மோல் சுமார் 200 கிராம். ஆக 2 × 10⁻⁵ மோல். பெருக்கினால், ஒரு லிட்டர் ரத்தத்தில் 1.2 × 10¹⁹ பாதரச அணுக்கள். கையுறை போட்டிருக்கிறோமா என்ற கேள்வி இங்கே போதாது. எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று பார்க்க வேண்டும்.

எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டும் என்பதில்லை. ஒரு மூச்சில் நாம் இழுக்கும் அரை லிட்டர் காற்றில் சுமார் 1.2 × 10²² மூலக்கூறுகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். என்ன பொருள், அதன் விகிதம் எவ்வளவு என்பதே கேள்வி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 10⁻⁶, என்பது காற்றின் மாசைச் சொல்லப் பயன்படும் அளவு, பிபிஎம் என்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடை ஒரு பிபிஎம்முக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும், அழுகிய முட்டை நாற்றம். விபரீதம் என்னவென்றால், சுமார் 100 பிபிஎம்மை எட்டும்போது வாசனை நரம்பு மரத்துப்போகிறது. ‘இப்போது நாற்றம் இல்லையே’ என்று உள்ளே போகிறவர் விழுந்துவிடுகிறார். வாயு உண்டாகும் சோதனையைப் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் செய் என்ற விதியின் பின்னால் இருப்பது இந்த 10² வித்தியாசம். சோதனைக்குழாயை மூக்கருகே கொண்டுபோகாமல், கையால் விசிறி லேசாக முகர வேண்டும் என்று சொல்லித்தருவதும் விகிதத்தைக் குறைக்கத்தான். தெரியாத பொருள் என்றால் அதுவும் வேண்டாம்.

சுவைத்துப் பார்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1879-இல் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்ததால்தான் சாக்கரின் என்ற இனிப்பூட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

அடுக்குகள் இன்னும் அந்தரங்கமாக ஒளிந்திருக்கும் இடம் பிஎச் அளவு. 1909-இல் கோபன்ஹேகனில் சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது இது. ஒரு லிட்டரில் எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) இருக்கின்றன என்பதை 10-இன் அடுக்காக எழுதி, கழித்தல் குறியை நீக்கினால் அதுதான் பிஎச். சாதாரண வெப்பநிலையில் தூய தண்ணீரில் 10⁻⁷, ஆகவே பிஎச் 7. பிஎச் 4-க்கும் பிஎச் 1-க்கும் வித்தியாசம் மூன்றல்ல, ஆயிரம் மடங்கு. இது பிடிபடாத மாணவர் இரண்டு கரைசல்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கையாள்வார்.

கையில் அமிலம் பட்டால் ஏன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள் என்பதையும் இதை வைத்தே சொல்லலாம். பிஎச் 0 உள்ள அமிலத்தில் ஒரு மில்லிலிட்டர் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் பிஎச் 3. ஒவ்வொரு பத்து மடங்கு நீர்த்தலுக்கும் ஒரே ஓர் எண்தான் ஏறுகிறது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் ஏன் போதாது என்று தெரிகிறதா? கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். அமிலத்தைவிடச் செறிந்த காரம் கண்ணுக்குக் கொடியது. அமிலம் மேற்பரப்பில் புரதங்களை உறையவைத்துத் தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். காரம் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு திரிபவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அமிலம் பட்ட இடத்தில் காரத்தை ஊற்றி நடுநிலையாக்கினால் என்ன என்று புத்திசாலி மாணவர்கள் கேட்பார்கள். வலிமையான அமிலமும் வலிமையான காரமும் ஒரு மோல் அளவுக்கு வினைபுரிந்தால் சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அறை வெப்பநிலையில் உள்ள 180 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். தோலின் மேல் வேண்டாம்.

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்ற விதியும் வெப்பக் கணக்குதான். செறிந்த கந்தக அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு அடர்த்தியானது. அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மிதக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உண்டாகும் வெப்பம் அந்த மெல்லிய நீர்ப்படலத்தைச் சட்டென்று கொதிக்க வைத்து, அமிலத்தோடு சேர்த்து முகத்தில் தெறிக்கும். மாற்றி ஊற்றினால் அமிலம் கீழே இறங்கிக் கலக்கும், வெப்பத்தை வாங்கிக்கொள்ள நிறைய தண்ணீர் இருக்கும். அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும்.

அறிவியல் குறியீட்டில் மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கால்குலேட்டர். அடுக்குக்கான தனிப் பொத்தானை அழுத்தினாலே ‘பெருக்கல் 10’ அதில் அடங்கிவிடும். அதற்கு முன் தனியாகவும் ஒரு 10-ஆல் பெருக்கினால் 6 × 10²³ என்பது 6 × 10²⁴ ஆகிவிடும். இரண்டாவது, மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பிக்கொள்வது. 10⁻³ எங்கே, 10⁻⁶ எங்கே! கணக்குப் போடும் முன் விடை எந்த அடுக்கில் வரும் என்று மனதுக்குள் ஒரு மதிப்பீடு வைத்துக்கொண்டால் இரண்டுமே மாட்டிக்கொள்ளும்.

இந்தக் குறியீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. 1500 மில்லிகிராம் என்று எழுதினால், கடைசி இரண்டு சைபரும் தராசு காட்டியதா, தோராயமாகப் போட்டதா என்று தெரியாது. 1.5 × 10³ என்றால் இரண்டு இலக்கங்களைத்தான் நம்பலாம். 1.500 × 10³ என்றால் நான்கையும் அளந்திருக்கிறார்கள். தராசின் நேர்மை எண்ணிலேயே பதிவாகிவிடுகிறது.

கடைசியாக, எல்லா ஆய்வகத்திலும் மீறப்படும் ஒரு விதி: மிச்சமான வேதிப்பொருளைத் திரும்பப் புட்டியில் கொட்டாதே. வீணாகப் போகிறதே என்று கை தயங்கும். ஆனால் கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரு மில்லிகிராம் உப்பில் சுமார் 10¹⁹ குளோரைடு அயனிகள் உள்ளன. அது 100 மில்லிலிட்டர் சில்வர் நைட்ரேட் கரைசலுக்குள் போனால் தெளிந்த திரவம் கலங்கத் தொடங்கும், அடுத்து அதைப் பயன்படுத்தும் எல்லோருடைய விடையும் தவறிப்போகும். மிச்சத்தைக் கழிவுக் கலனில்தான் ஊற்ற வேண்டும். கழிவுக் கலன்களும் ஒன்றல்ல. அமிலக் கழிவு இருக்கும் கலனில் சல்பைடு கழிவைச் சேர்த்தால் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடு அங்கேயும் கிளம்பும். ஊற்றும் முன் அந்த லேபிளையும் படிக்க வேண்டும்.