பகலில் தூங்கும் கம்பி

மின்பாதைப் பராமரிப்பு வேலையாக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். தெருவிளக்குக் கம்பி ஒன்று தொய்ந்து, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. ஒரு பெரியவர் அதைக் கையால் விலக்கிவிட்டு வந்தார். “இதுல கரண்ட் கிடையாது தம்பி, ரெண்டு மாசமா இப்படித்தான் போறோம்” என்றார். எனக்குப் பகீரென்றது.

அவர் சொன்னது பகலுக்கு மட்டும்தான் சரி. பழைய மின்பாதைகள் பலவற்றில் தெருவிளக்குக்கென்று தனிக் கம்பி ஓடும். சுவிட்சைப் போட்டால்தான் அதில் மின்சாரம் வரும்; இருட்டியதும் அதே கம்பியில் 230 வோல்ட். வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக இயங்கும் சுவிட்ச் என்றால், மழை மேகம் கவிந்தாலே பகலிலும் உயிர் வந்துவிடும். விளக்கு எரியவில்லையே என்றும் நம்ப முடியாது. பல்பு போயிருக்கும், கம்பியில் மின்சாரம் இருக்கும்.

கம்பி தொய்வதற்கு வெயிலே போதும். 50 மீட்டர் இடைவெளியில் கட்டிய அலுமினியக் கம்பி, 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஐந்து சென்டிமீட்டர்கூட நீளாது. ஆனால் அரை மீட்டர் தொய்வோடு கட்டியது, அதனாலேயே நடுவில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தொங்கும். கம்பமும் சாய்ந்து, அதைச் சாயாமல் தரையோடு இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கம்பியும் துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். காற்றடிக்கும்போது கம்பிகள் ஒன்றோடொன்று மோதிப் பொறி பறக்கும். பொறி பட்ட இடம் மெலிந்து, ஒருநாள் அறும்.

அறுந்து விழுந்தால் பீஸ் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். காய்ந்த மண்ணிலோ சரளையிலோ கிடக்கும் கம்பியிலிருந்து தரைக்குள் இறங்கும் மின்சாரம் கொஞ்சம்தான். பீஸ் உருக அது பத்தாது. மனித உயிர் போக 0.1 ஆம்பியர் போதும். அதனால் தள்ளி நில்லுங்கள், ஆடுமாடுகளையும் அண்டவிடாதீர்கள். குச்சியால் ஒதுக்கவும் வேண்டாம். கம்பத்தின் எண்ணைச் சொல்லி மின் அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். எண் தெரிந்தால் ஆட்கள் நேராக அங்கே வந்துவிடுவார்கள்.

அன்று இருட்டுவதற்குள் மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை இழுத்துக் கட்டினோம். அப்புறம் சுவிட்சைப் போட்டு, அந்த இணைப்பில் டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டினேன். பளிச்சென்று எரிந்தது. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கம்பத்துல துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கோமே, அதையும் அவுத்துரணுமா தம்பி?” என்று கேட்டார்.