முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி: பணம் எங்கே சிக்குகிறது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு தருவது மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணம், 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2024 ஏப்ரல் முதல் பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. 19 வயது முடிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் கிடைக்கும்.

காகிதத்தில் இது எளிது. சிக்கல் முதலில் பிக்மி நம்பரில், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் எண்ணில் வரும். நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். தனியாரில் ஸ்கேன் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே புதிதாகப் பதியாதீர்கள். பழைய நம்பரையே காட்டுங்கள். இரண்டு நம்பர் விழுந்துவிட்டால், "அங்கே போய்க் கேளுங்க" என்று இந்த ஊரும் அந்த ஊரும் மாறி மாறித் தள்ளிவிடும். நிறைமாத வயிற்றோடு இரண்டு ஊருக்கும் பஸ் ஏறி அலைகிற பெண்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் திருத்த வேண்டியதற்கு அவர்கள் ஏன் அலைய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது வங்கி. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் கணக்கு செல்லாது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். ஆதாரில் அப்பா பெயர், பாஸ்புக்கில் கணவர் பெயர். இப்படி ஒரு எழுத்து மாறினாலும் இழுத்தடிப்பார்கள். கல்யாணமான கையோடு சரிசெய்வது நல்லது. "பணம் ஏறிடுச்சு" என்று சுகாதார நிலையத்தில் சொல்லி, பாஸ்புக்கில் ஒன்றும் இல்லையென்றால் சண்டைக்குப் போகுமுன் வங்கியில் ஒரு கேள்வி கேளுங்கள்: என் ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது? எப்போதோ நூறு நாள் வேலைக்குத் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் கிடக்கும்.

மூன்றாவது பிரசவம், அல்லது பெண்ணுக்கு 19 ஆகவில்லை என்றால் பணம் இல்லை. திட்டுவார்களே, கேள்வி கேட்பார்களே என்று பயந்து பதியாமலே விட்டுவிடுகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பணம்தான் கிடையாது, பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, 108, பிரசவம் எல்லாம் அவர்களுக்கும் இலவசம். ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் முன்கூட்டியே தெரியாததால்தான் பல தாய்மார்கள் பிரசவத்தில் போகிறார்கள். இந்த இரண்டு வகைப் பெண்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

அரசு மருத்துவமனையில் மருந்து, ரத்தம், சிசேரியன், தாய்க்குச் சாப்பாடு எதற்கும் காசு கிடையாது. வீடு திரும்ப 102 வண்டியும் இலவசம். குழந்தையைக் காட்டுவதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவணை வரவில்லையா? வாய்மொழியாகக் கேட்டால் "வரும், வரும்" என்பதோடு சரி. பிக்மி நம்பர் எழுதி, தாய் சேய் நல அட்டை, ஆதார், பாஸ்புக் நகலோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் மனு கொடுங்கள். அசையவில்லையென்றால் சுகாதார உதவி எண் 104, முதல்வர் உதவி மையம் 1100, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். எங்கே கொடுத்தாலும் மனு எண் வாங்காமல் கிளம்பாதீர்கள்.