லாசா ரயில் பாதை ஓரத்துக் குழாய்கள்

சீனாவின் கோல்முட் நகரத்திலிருந்து திபெத்தின் லாசாவுக்கு ரயிலில் போகிறவர்கள் யாக் மந்தையையும் பனிமலையையும் படம் எடுத்துத் தள்ளுவார்கள். எடுக்கட்டும். குன்லுன் மலை தாண்டிய பிறகு, பாதையோரம் பல இடங்களில் இரும்புக் குழாய்கள் வரிசையாக நட்டு நிற்கும். என்னைக் கேட்டால் அந்த வழியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தரையைக் குளிர்விக்கும் இயந்திரம் அது, ஆனால் மின்சாரமும் கிடையாது, மோட்டாரும் கிடையாது.

2006 ஜூலை 1 அன்று திறந்த இந்த 1,142 கிலோமீட்டர் பாதையில் சுமார் 550 கிலோமீட்டர், ஆண்டு முழுவதும் உள்ளே உறைந்தே கிடக்கும் மண்மேல் போகிறது. உறைந்திருக்கும்வரை அந்த மண் கெட்டி. உருகினால் வெறும் சேறு. அதன் மேலடுக்கு கோடையில் இளகி அமுங்கும், குளிர்காலத்தில் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரிவதால் எழும்பும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தண்டவாளம் தாங்காது. இதில் இன்னொரு வம்பு என்னவென்றால், திபெத் பீடபூமியில் பல இடங்களில் உறைமண்ணின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கொஞ்சம்தான் கீழே, அதனால் சற்றே சூடேறினாலும் ஆபத்து.

குழாய்க்குள் இருப்பது அம்மோனியா. மூடி முத்திரையிட்ட குழாய், அடிப்பாகம் மண்ணுக்குள், தலைப்பாகம் வெளிக்காற்றில். குளிர்காலத்தில் காற்று மண்ணைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும்; அடியில் உள்ள திரவ அம்மோனியா மண்ணின் சூட்டை உறிஞ்சி ஆவியாகி மேலே ஏறுகிறது, மேலே குளிரில் மறுபடி திரவமாகி, சூட்டைக் காற்றில் விட்டுவிட்டு, குழாயின் உட்சுவரில் வழிந்து அடிக்கே வந்து சேர்கிறது. இப்படியே குளிர்காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் கோடை வந்தால்? மேல்பக்கம் சூடாகிவிடுவதால் ஆவி அங்கே திரவமாகாது, சுற்று தானாகவே நின்றுவிடும். அதாவது சூடு மண்ணிலிருந்து வெளியே போகலாம், அதே வழியில் உள்ளே வர முடியாது. அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த் தடத்திலும் இதே உத்திதான்.

எல்லா இடத்திலும் குழாய் நடவில்லை. சில பகுதிகளில் உடைத்த கற்களைக் குவித்து மேடு போட்டு அதன்மேல் தண்டவாளம் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று கல் இடுக்குகளில் இறங்கி, உள்ளே உள்ள வெதுவெதுப்பை மேலே தள்ளிவிடும், கோடையிலோ சூடான காற்று லேசாக இருப்பதால் மேலேயே தங்கிவிடும். இன்னும் மோசமான மண் என்றால் பாலம்தான். சிங்சுய்ஹே பாலம் 11.7 கிலோமீட்டர் நீளம், தூண்கள் உறைமண்ணுக்குள் ஆழமாக இறங்கி நிற்கின்றன. திபெத்திய மான்கள் அதன் அடியில் கடந்து போகின்றன.

பாதை 5,072 மீட்டர் உயரத்தில் டாங்குலா கணவாயைத் தாண்டுகிறது. பெட்டிக்குள் கூடுதல் ஆக்சிஜன் விடுகிறார்கள், மூச்சு வாங்குகிறவர்கள் பக்கத்துத் துளையில் குழாய் செருகிக்கொள்ளலாம். பயணிக்கு அது போதும். மண்ணின் பாடுதான் கஷ்டம்: குழாய், கல் மேடு இரண்டும் குளிர்காலக் குளிரை நம்பித்தான் வேலை செய்கின்றன, பீடபூமியோ சூடேறிக்கொண்டே போகிறது.