கேஜ்: மானியா, காட்டியா?

‘கேஜ்’ என்றதும் நம்மில் பலருக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். மீட்டர் கேஜ், பிராட் கேஜ். அங்கே அது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம். காரின் டேஷ்போர்டில் முள் ஆடும் வட்டத்துக்கும் அதே பெயர்தான், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேஜ் என்று சொல்வதில்லை. ‘மீட்டர்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘முள் ஏறுது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சரி, இந்த கேஜைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வடபிரான்சின் பழைய பேச்சிலிருந்து வந்தது. மதுப் பீப்பாய்க்குள் விட்டு, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கோலுக்கு அந்தப் பெயர். இங்கிலாந்தில் பீப்பாய் அளப்பதற்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். அந்தச் சொல்லுக்கும் அடியில் ‘கழி’ என்று பொருள்படும் ஜெர்மானிய வேர் ஒன்று இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அப்படியானால் தூக்குமரத்தைக் குறிக்கும் ‘கேலோஸ்’ இதற்கு உறவு. பிரெஞ்சில் இன்றைக்கும் ‘ழோஜ்’ என்றால் இன்ஜின் ஆயில் பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் குறிக்கும்.

தமிழும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. அளவுகோல், துலாக்கோல் எல்லாம் கோலிலிருந்து வந்தவைதானே? சோழர் காலத்தில் நிலம் அளந்த கோல்களின் நீளத்தைக் கோயில் சுவர்களில் வெட்டியே வைத்தார்கள். ஆகவே வேரைப் பார்த்தால் கேஜுக்கு நேர்ச்சொல் ‘கோல்’தான். ஆனால் வட்டக் கண்ணாடிக்குள் முள் ஆடும் கருவியைக் கோல் என்று சொன்னால் எடுபடாது. பாடநூல்கள் தேர்ந்துகொண்டது ‘மானி’: மழைமானி, அழுத்தமானி, வேகமானி. அளவைக் குறிக்கும் ‘மானம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அது வடசொல் என்று தயங்குபவர்களுக்கு ‘அளவி’ இருக்கிறது. எனக்கு இரண்டும் சம்மதம்தான். ஆனால் இங்கே மூன்றாவதாக ஒரு சொல்லும் தேவைப்படுகிறது: ‘காட்டி’. எதற்கு என்பதை ஒரு பழைய போர்ஷே 911-ஐ வைத்துச் சொல்கிறேன்.

1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ எதிர்ப்புத் தெரிவித்ததால் 911 ஆன கார் அது. 1990-களின் கடைசி வரை அதன் இன்ஜினைக் குளிர்வித்தது காற்றுதான். ரேடியேட்டர் கிடையாது, எனவே தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளும் கிடையாது. ஆயில்தான் உராய்வைக் குறைத்து உயவும் செய்யும், சூட்டையும் சுமந்துகொண்டு போகும். தனி டாங்கியில் ஆயில் மட்டும் 9 லிட்டர், சில மாடல்களில் அதற்கும் மேல். டேஷ்போர்டின் ஐந்து வட்டங்களில், நடுவே உள்ள ஆர்.பி.எம். மீட்டருக்கு இடப்பக்கம் ஆயிலின் வெப்பநிலையும் அழுத்தமும் ஒரே வட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

பல ஆண்டு மாடல்களில் அந்த வெப்பநிலைப் பகுதியில் எண்ணே இல்லை. சில வெள்ளைக் கோடுகள், கடைசியில் சிவப்புப் பட்டை, அவ்வளவுதான். முள் பாதியைத் தாண்டி நிற்கிறது என்றால் 95 டிகிரியா, 115 டிகிரியா? அது சொல்லாது. இப்படிப்பட்டதை மானி என்பது எனக்கு உறுத்துகிறது. திசைகாட்டி, கைகாட்டி மாதிரி இதுவும் ஒரு காட்டிதான். அளந்து சொல்லாது, பக்கம் மட்டும் காட்டும். அதனால்தான் பழைய 911 வைத்திருப்பவர்கள் எண் போட்ட முகப்புக்கு (டயலுக்கு) மாறுகிறார்கள். காட்டியாக இருந்தது அப்போதுதான் மானியாகிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆயிலில் நனைந்தபடி இருக்கும் சென்சாரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். முள் அந்தத் தடையைத்தான் படிக்கிறது, சூட்டை அல்ல. வயர் முனையில் துரு ஏறித் தடை கூடிவிட்டால், முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். வயர் அறுந்தால் அடியிலேயே படுத்திருக்கும். அதே வயர் நேராக காரின் பாடியில் பட்டால் உச்சிக்கு ஓடிவிடும். ஒரு சென்சாரோடு வேறொரு மீட்டரைச் சேர்த்தாலும் கணக்குப் பொருந்தாது, ஆகவே இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சோதிப்பதற்கு எளிய வழி: சென்சாரைக் கழற்றி, வயரை இணைத்து, சென்சாரின் உடலுக்கு எர்த் கொடுத்து, கொதிக்கும் தண்ணீரில் முக்குங்கள். முள் நிற்கும் இடம்தான் 100 டிகிரி. எண் இல்லாத முகப்பில்கூட அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளலாம்.

சரி, முழுப் பெயர் என்ன? ‘ஆயில் டெம்பரேச்சர் கேஜ்’ என்பதை ‘எண்ணெய் வெப்பமானி’ என்று எழுதுகிறார்கள். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு; முள் காட்டுவது நிலையை. ஆகவே ‘எண்ணெய் வெப்பநிலைமானி’ என்பதே திருத்தமானது. எண்ணெய் என்பது எள் நெய் என்பதை நினைத்தால், ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரின் டாங்கியில் நல்லெண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கும். பரவாயில்லை, மண்ணெண்ணெயையே ஏற்றுக்கொண்ட மொழி. வேண்டுமானால் ‘உயவெண்ணெய்’ என்று போட்டுக்கொள்ளலாம்.

எண் இல்லாத பழைய முகப்பை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பவர்கள் மட்டும் ‘வெப்பநிலைகாட்டி’ என்று எழுதுங்கள்.