மாத்திரை விழுங்காத பிள்ளைக்கும் பலன் கிடைத்தது எப்படி?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஏழை நாடுகளுக்கு எவ்வளவோ கடனும் உதவியும் போகிறது. அப்படியும் பல நாடுகள் ஏன் தலையெடுக்கவில்லை? அங்கே இருப்பவர்கள் சரியாக உழைப்பதில்லை என்கிறார்களே, அது உண்மையா?"

முதல் கேள்விக்கான பதில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. வருமானம் குறைவு, அதனால் சேமிப்பு இல்லை. சேமிப்பு இல்லாததால் முதலீடு இல்லை. முதலீடு இல்லாததால் வருமானம் உயரவில்லை. கடற்கரை இல்லாத நாட்டுக்குச் சரக்கு அனுப்பும் செலவு அதிகம். எண்ணெயையோ தாமிரத்தையோ மட்டும் நம்பியிருக்கும் நாடு, அதன் விலை சரிந்தால் கூடவே சரிகிறது. காலனி ஆட்சி விட்டுப்போன காயங்கள், போர், ஊழல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எனக்கு மனதில் தைத்தது இரண்டாவது கேள்விதான். அதற்கு ஒரு விரல் நீளம்கூட இல்லாத புழுவிடம் பதில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அங்கிருந்த ஏழை விவசாயிகள் வெளிறிப்போய், ஒட்டி உலர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தார்கள். அது அவர்கள் பிறவிக் குணம் என்றே பலரும் நம்பினார்கள். 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர், அவர்களின் குடலில் கொக்கிப்புழு இருப்பதை எடுத்துச் சொன்னார். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'சோம்பேறிக் கிருமி'. 1909இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் கொடுத்த 10 லட்சம் டாலரில், அந்தப் புழுவை ஒழிக்க ஓர் ஆணையம் தொடங்கியது. 11 மாநிலங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது.

இந்தப் புழு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் பொரிகிறது. ஒரு வாரம் பத்து நாளில் இளம்புழு தயாராகிவிடும். வெறுங்காலோடு யாராவது அந்த மண்ணை மிதித்தால் போதும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கிருந்து ரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. எச்சிலோடு விழுங்கப்பட்டு சிறுகுடலை அடைகிறது. அங்கே குடல் சுவரைக் கவ்விக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் சுரந்தபடி உறிஞ்சத் தொடங்குகிறது.

ஒரு புழு குடிப்பது மிகக் குறைவு. உலகில் பரவலாக உள்ள வகை ஒன்றால், ஒரு நாளில் ஒரு மில்லிலிட்டரில் நூறில் மூன்று முதல் ஐந்து பங்கு ரத்தம்தான் போகிறது. ஆனால் நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 முதல் 5 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, சுமார் 2 மில்லிகிராம் இரும்பு தினமும் ரத்தத்திலிருந்து வெளியேறுகிறது. அதில் கொஞ்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் எடுத்துக்கொள்வதே பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். அந்தப் பிள்ளையின் வரவுசெலவு எந்த நாளும் சரிக்கட்டாது. ரத்தசோகை வருகிறது, தசைக்கும் மூளைக்கும் போகிற ஆக்சிஜன் குறைகிறது. வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையையும், வயலில் பாதி வேலையோடு உட்கார்ந்துவிடும் ஆளையும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சோம்பேறி என்கிறார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். பாக்டீரியாவோ வைரஸோ ஒன்று உள்ளே போனால் அங்கேயே கோடியாகப் பெருகும். கொக்கிப்புழு அப்படிப் பெருகாது. அது முட்டையிடுவது உடலுக்குள்ளே. ஆனால் முட்டை வளர மண் வேண்டும். ஒரு பிள்ளையின் குடலில் நூறு புழு இருந்தால், அந்த நூறும் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து வந்தவை. ஒரு பெண்புழு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் ஒரு பிள்ளையைக் குணப்படுத்தினால் ஊர் மண்ணுக்குப் போகும் ஆயிரக்கணக்கான முட்டைகள் நிற்கின்றன. அந்த மண்ணில் நடக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆபத்து குறைகிறது, புழு நீக்கும் மாத்திரையையே பார்க்காத பிள்ளைக்கும்கூட.

இப்போது யோசித்துப் பாருங்கள். மாத்திரையின் பலனை அளக்க ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் கொடுக்கிறோம். கொடுத்தவர்களுக்குப் புழு குறைகிறது; கொடுக்காதவர்களுக்கும் குறைகிறது. இரு பக்கத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மாத்திரையால் பெரிய பலன் இல்லை என்று எழுதிவிடுவோம். மருந்து நன்றாக வேலை செய்ததே அதன் பலனை மறைத்துவிடுகிறது!

மைக்கேல் கிரெமர், எட்வர்ட் மிகேல் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் இதை எடுத்துப் பேசினார்கள். 1998இல் மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மாத்திரை பெற்றது முழுப் பள்ளி; எந்தப் பள்ளிக்கு முதலில், எதற்கு அப்புறம் என்பதுதான் வித்தியாசம். அங்கே பரிசோதித்த பிள்ளைகளில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு புழுத்தொற்று இருந்தது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது. கருவுக்கு ஆபத்து வரலாம் என்பதால் 13 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்பிள்ளைகள் பலருக்கு மாத்திரை கொடுக்கப்படவில்லை. அப்படி விழுங்காத பிள்ளைகளுக்கும் அதே பள்ளிகளில் தொற்று குறைந்திருந்தது. படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்தது.

தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் எந்த உயர்வும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைச் சுமார் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்றவர்களின் மணிக்கணக்குச் சம்பளம் 13 சதவீதம் அதிகம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பதிவுகளை அலசிய பொருளாதார நிபுணர் ஹொய்ட் பிளீக்லியும், புழு அதிகமிருந்த ஊர்களில்தான் பள்ளிச் சேர்க்கையும் எழுத்தறிவும் கூடுதலாக ஏறின என்று கண்டார்.

மறுப்பும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. 2015இல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கென்யத் தரவை மறுபடி அலசி, தொலைதூரப் பள்ளிகளுக்குப் பலன் பரவியது என்ற கணக்கில் பிழை கண்டார்கள். பல ஆய்வுகளின் சராசரியில், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அளவு பெரிதாக உயரவில்லை என்ற மதிப்பாய்வும் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இது: புழு எல்லோரிடமும் சமமாக இருப்பதில்லை. சிலரிடம் குவிந்தும், பலரிடம் கொஞ்சமாகவும் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைச் சராசரியில் மட்டும் பார்த்தால் அதிகம் தவிக்கும் பிள்ளை கணக்கில் காணாமல் போகும். ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பதைவிட எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பது மலிவு என்பதால், அதைச் செய்வதே சரி என்கிறேன்.

பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று பரவலாகக் கொடுக்கப்படும் ஆல்பெண்டசோல், முதலில் கால்நடைகளுக்காக உருவான மருந்து. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புழு வந்தால் நஷ்டப்படுபவரிடம் பணம் இருந்தது; ஏழைப் பிள்ளைக்கு வந்தால் இல்லை. உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிக் குடற்புழுக்கள் இருக்கின்றன. வாங்கும் சக்தி இல்லாதவர்களின் நோய்க்கு அரசுப் பணத்தில்தான் ஆராய்ச்சி நடக்க வேண்டும், சந்தைக்காகக் காத்திருக்கக் கூடாது. மாத்திரைக்கு விலை வைப்பதும் தவறு. கென்யாவிலேயே சில பள்ளிகளில் பெற்றோரிடம் சிறு கட்டணம் கேட்டுப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கினார்கள். அதில் வியப்பில்லை, பலனில் பெரும்பகுதி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகிறபோது, தன் பையிலிருந்து யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

மாத்திரை குடலைத்தான் சுத்தம் செய்யும், மண்ணை அல்ல. கழிப்பறையும் செருப்பும் வராத ஊரில் சில மாதங்களில் புழு திரும்பிவிடும். தென்கொரியா இரண்டு பக்கமும் வேலை செய்தது. அன்று அதுவும் ஏழை நாடுதான். 1966இல் புழு ஒழிப்புக்கென்றே சட்டம் இயற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு முறை சின்ன உறையில் மலமாதிரி கொண்டுவந்து கொடுத்தார்கள். புழு இருந்தவர்களுக்கு மாத்திரை கிடைத்தது. 1971இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 84 சதவீதம் பேருக்குக் குடற்புழு. 1997இல் 2.4 சதவீதம். அந்த நாட்டின் வளர்ச்சிக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. வளம் கூடியதாலும் கழிப்பறைகள் வந்தன, புழு குறைந்தது. ஆனால் அந்த உறையை ஆசிரியரிடம் நீட்டிய பிள்ளைகள்தான் பின்னால் அங்கே தொழிற்சாலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் வேலைக்குப் போனார்கள்.