கண் திறந்துவிட்டால் நினைவு வந்துவிட்டதா?

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கில் போய்த் தலையில் அடிபட்டவர்களை வேலூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வீட்டார் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், நினைவு வந்துடுச்சா?" இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை.

விழிப்பு வேறு, உணர்வு வேறு. கண் திறந்திருக்க முக்கியமாக மூளைத்தண்டு வேலை செய்தால் போதும். தன்னையும் சுற்றியிருப்பவர்களையும் அறிய பெருமூளையும் கூட வேண்டும். கோமாவில் இரண்டும் இருக்காது. சில வாரங்களில் சிலருக்குக் கண் மட்டும் திறக்கும், தூங்கி விழிப்பார்கள், ஆனால் எதையும் அறிவதற்கான அடையாளம் தெரியாது. ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை முடித்துச் சந்தோஷமாக வருகிறவர்களிடம் இதைச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

1974-ல் வந்த கிளாஸ்கோ அளவுகோல் கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தரும். ஐசியுவில் அது அவசியம். ஆனால் தொண்டையில் குழாய் போட்டவருக்குப் பேச்சு மதிப்பெண் எப்படிப் போடுவது? உணர்வின் சின்னச் சின்ன அடையாளங்களைத் தேட, 23 மதிப்பெண் கொண்ட கோமா மீட்சி அளவுகோல் இருக்கிறது. அதையும் ஒரே தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. மயக்க மருந்து, காய்ச்சல், சோடியம் குறைவு, வெளியே தெரியாத வலிப்பு எல்லாமே ஆளை அமுக்கிவிடும்.

என் பையில் எப்போதும் ஒரு முகக்கண்ணாடி இருக்கும். விரலையோ டார்ச்சையோ பின்தொடராத கண், சிலருக்குத் தன் முகத்தைப் பின்தொடரும். கையைப் பிடித்து அழுத்துவதை மட்டும் நான் நம்புவதில்லை. அது அனிச்சையாகவும் இருக்கலாம். "விடுங்க" என்றதும் விடுகிறாரா, நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுகிறாரா என்று பார்ப்பேன். அதுவும் வீட்டு மொழியில். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகள் எத்தனை! குடியாத்தம் பக்கம் தெலுங்கு. தமிழில் கேட்டுவிட்டு "கட்டளைக்குப் பதில் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது என்ன நியாயம்?

இதையெல்லாம் செய்தும் தவறவிடுகிறோம். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை, ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியிலோ கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. மூளைச்சாவு இதில் சேராது. அதற்குச் சட்டப்படி 6 மணி நேர இடைவெளியில் இரண்டு பரிசோதனைகள் உண்டு.

வீட்டார் செய்யக்கூடியது: ஏதாவது அசைவைப் பார்த்தால் நேரத்தைக் குறித்து, போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். அவர் மூக்குக்கண்ணாடி, காது மெஷின் போடுகிறவர் என்றால், அதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.