ஒரே கட்டுரையை எத்தனை முறை பதிவது? ஆய்வுத் தகவல் அமைப்பையும் களஞ்சியத்தையும் இணைப்பது பற்றி

பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஆய்வாளர், கட்டுரை வெளியானதும் அதை எங்கெல்லாம் பதிய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆண்டறிக்கைக்காக ஆய்வுத் தகவல் அமைப்பில் ஒரு முறை, நூலகம் நடத்தும், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்கக் களஞ்சியத்தில் இன்னொரு முறை, நிதி கொடுத்த அமைப்பின் தளத்தில் மறுபடியும். துறையின் இணையப் பக்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புவது தனி. எல்லா இடத்திலும் கேட்பது ஏறக்குறைய அதே விவரங்கள்தான். பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் இடத்தில் மட்டும் ஒழுங்காகப் பதிகிறார்கள். மற்றதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று நிற்கிறது. அப்படி நிற்பது பெரும்பாலும் களஞ்சியம்தான். களஞ்சியப் பணியில் இருக்கிற நான் இதற்கு ஆய்வாளர்களைக் குறை சொல்லமாட்டேன். கேட்கிற முறைதான் சரியில்லை.

இரண்டு அமைப்புகளும் வெவ்வேறு தேவைக்காக வந்தவை. பியூர், சிம்ப்ளெக்டிக் எலிமெண்ட்ஸ் போன்ற ஆய்வுத் தகவல் அமைப்புகள் நிர்வாகத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன: யார், எந்தத் துறை, எந்தத் திட்டம், யார் நிதி, என்ன வெளிவந்தது. டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் போன்ற களஞ்சியங்களோ வெளியில் இருக்கும் வாசகருக்கு முழுக் கட்டுரையையே கொடுக்கின்றன. ஒன்றில் பட்டியல் நன்றாக இருக்கும், கட்டுரை இருக்காது. மற்றதில் கட்டுரை இருக்கும், அது எந்தத் திட்டத்தின் பணத்தில் வந்தது என்ற விவரம் அரைகுறையாக இருக்கும்.

இணைக்கலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் மென்பொருள் நிறுவனத்தைக் கூப்பிட்டு, இணைப்பு வசதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கும். ஒரு அமைப்பிலிருந்து களஞ்சியத்துக்குக் கோப்பைத் தள்ள ஸ்வோர்ட் என்ற நெறிமுறை இருக்கிறது. களஞ்சியத்திலிருந்து விவரங்களை அறுவடை செய்ய, அதாவது தானாகச் சேகரிக்க, ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறை இருக்கிறது, அதன் 2.0 பதிப்பு 2002இலேயே வந்துவிட்டது. இரண்டு வேலையையும் ஒரே மென்பொருளில் செய்யும் டிஸ்பேஸ்-கிரிஸ் கூட உண்டு. ஆனால் எந்த விவரத்துக்கு எந்த அமைப்பு பொறுப்பு என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. அதை நாம்தான் உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும்.

எழுதிவைக்காவிட்டால் நடப்பது இதுதான். தலைப்பில் இருந்த பிழையை நூலகர் களஞ்சியத்தில் திருத்துகிறார். இரவில், இரண்டு அமைப்பின் விவரங்களையும் ஒன்றாக்கும் ஒத்திசைவு ஓடுகிறது. காலையில் பார்த்தால் பழைய பிழை திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. நாலைந்து தடவை இப்படி ஆனால் திருத்துவதையே விட்டுவிடுவார். ஆசிரியரின் துறை, பணி நிலை, திட்ட எண் எல்லாம் ஆய்வுத் தகவல் அமைப்பின் பொறுப்பில் இருக்கட்டும். கோப்பு, உரிமம், தடைக்காலம் (கோப்பைப் பொதுவில் திறக்கப் பதிப்பகம் விடாத காலம்), நிலையான இணைப்பு முகவரி ஆகியவை களஞ்சியத்தின் பொறுப்பில் இருக்கட்டும். தலைப்பு, ஆசிரியர் வரிசை, இதழ்ப் பெயர் ஆகியவற்றை ஒரே இடத்தில் மட்டும் திருத்தலாம் என்று வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் அந்தப் புலங்களைப் பூட்டிவிடுவது நல்லது.

அடுத்தது நேரம். என் பார்வையில் முழு விஷயமும் இதில்தான் நிற்கிறது. ஆய்வுத் தகவல் அமைப்புகள் கிராஸ்ரெஃப், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களிலிருந்து புதிய கட்டுரைகளைத் தாமாகவே எடுத்து, "இது உங்களுடையதா?" என்று கேட்கும். வசதிதான். ஆனால் பெரும்பாலும் கட்டுரை வெளியான பிறகுதான் அப்படிக் கேட்க முடியும். களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பது இதழின் அச்சு வடிவத்தை அல்ல, சக ஆய்வாளர் மதிப்பீடு முடிந்து ஆசிரியரிடம் இருக்கும் ஏற்கப்பட்ட வடிவத்தை. கட்டுரை வெளியான பிறகு அதைக் கேட்டால், "கணினி மாற்றிவிட்டேன்", "இணை ஆசிரியரிடம் இருக்கும்" என்று பதில் வரும். கடைசியில் இணைப்பு வழியாகப் போய்ச் சேர்வது வெறும் விவரப் பதிவு. களஞ்சியத்தில் எண்ணிக்கை கூடும். திறந்து படிக்க ஒன்றும் இருக்காது.

அதனால் ஏற்புக் கடிதம் வந்த அன்றே கோப்பைக் கேட்கும்படி இணைப்பை அமைக்க வேண்டும். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளின் தரத்தைப் பார்க்கும் ரெஃப் 2021 மதிப்பீட்டுக்கு இதே தர்க்கத்தில்தான் விதி செய்தார்கள்: 2018 ஏப்ரலிலிருந்து, ஏற்பு கிடைத்த மூன்று மாதத்துக்குள் ஏற்கப்பட்ட வடிவம் களஞ்சியத்தில் சேர வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இன்னும் துணிந்தது. 2008இல் ஓர்பி என்ற களஞ்சியத்தைத் திறந்தபோது, உள்மதிப்பீட்டில் அதில் இருக்கும் வெளியீடுகளை மட்டுமே பார்ப்போம் என்று அறிவித்தது. பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் (ரெக்டர்) பெர்னார் ராந்த்தியே அதில் உறுதியாக நின்றார். இரண்டு அமைப்பையும் உண்மையில் இணைப்பது இப்படிப்பட்ட விதிதான், மற்றதெல்லாம் நிரல்.

சரி, விதி இருக்கிறது, கோப்பும் வருகிறது. அடுத்த தலைவலி ஒரே கட்டுரை இரண்டாகத் தெரிவது. கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ இருக்கும்போது என்ன சிக்கல் என்று தோன்றும். ஒரு அமைப்பில் அது 10 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும். இன்னொன்றில் முழு இணைய முகவரியாக இருக்கும். வேறொன்றில் சில எழுத்துகள் பெரிதாக இருக்கும். டிஓஐ பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஒப்பிடும் நிரல் பார்க்கும். ஒப்பிடும் முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முன்பதிப்புக்கு, அதாவது மதிப்பீட்டுக்கு முன் ஆசிரியரே வெளியிடும் வடிவத்துக்கு, வேறு டிஓஐ இருப்பதும் சகஜம். அதைத் தனிப் பதிவாக வைத்து, இரண்டுக்கும் இருக்கும் உறவைக் குறிப்பிட வேண்டும். ஆட்களை அடையாளம் காண ஆர்கிட் எண், நிறுவனங்களை அடையாளம் காண ரோர் எண். பெயரை வைத்துப் பொருத்தப் போனால், முதலெழுத்து முன்னால் வந்தால் ஒருவர், பின்னால் வந்தால் வேறொருவர் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது. தடைக்காலம் 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். அது முடிந்த நாளில் கோப்பு தானாகத் திறக்கிறது. யாரும் பதிவைத் தொடவில்லை என்பதால், சில அமைப்புகளில் அதன் மாற்றத் தேதி அப்படியே இருக்கும். ஓஏஐ-பிஎம்எச் அறுவடையோ அந்தத் தேதியைப் பார்த்துத்தான் புதியவற்றை எடுக்கிறது. விளைவாக, களஞ்சியத்தில் கட்டுரை திறந்திருக்கும். ஆய்வுத் தகவல் அமைப்பின் பக்கத்தில் "பூட்டப்பட்டது" என்றே தெரியும். படிக்க வந்தவர் திரும்பிப் போவார். தடைக்காலம் முடியும்போது தேதியைப் புதுப்பிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவ்வப்போது முழு அறுவடை ஓட்டுங்கள்.

நீக்கப்பட்ட பதிவுகளும் இதே மாதிரி. நீக்கத்தை அறிவிக்கிறதா, எவ்வளவு காலம் நினைவில் வைக்கிறது என்பதை ஒவ்வொரு களஞ்சியமும் ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறையில் சொல்லியாக வேண்டும். "இல்லை" என்று அமைத்திருந்தால், நீங்கள் அகற்றிய பதிவு மறுபக்கம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை என்றால் ஆபத்து அதிகம். அதை அழிக்காமல், திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்போடு இரண்டு பக்கமும் வைத்திருப்பதே நேர்மை. உங்கள் களஞ்சியத்தில் நீக்கத்தை அறிவிக்கும் இந்தத் தெரிவு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சிரமமே இல்லை: ஓஏஐ முகவரியில் 'ஐடென்டிஃபை' கோரிக்கை அனுப்பினால் வரும் பதிலில், ஒரே வரியில் இருக்கும்.